உப்புக் காற்றில் ஒரு பெஞ்சு: தோட்ட இருக்கைகள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோட்டத்து பெஞ்சு, நாற்காலி, ஊஞ்சல் பற்றியவை. அதிலும் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்திலிருந்துதான் அதிகம். மழையில் பழைய நாற்காலிகள் போய், பொங்கலுக்குள் புதிதாக ஏதாவது வாங்கிப் போடலாம் என்று நினைக்கிற வீடுகள் போலிருக்கிறது. அதனால் செடிகளை இந்த முறை ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் பேசலாம். எல்லாரும் “எந்த மரம், எந்த இரும்பு” என்றுதான் கேட்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது வேறு: தண்ணீர் எங்கே தேங்குகிறது, திருகாணி எதில் செய்தது, கால் எதன்மேல் நிற்கிறது, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் எங்கள் வீடு. பவுடர் கோட்டிங் செய்த இரும்பு பெஞ்சு வாங்கிப் போர்ட்டிகோவில் போட்டோம். மழையே படாத இடம். ஆனாலும் இரண்டு வருடத்தில் வெல்டிங் செய்த இடமெல்லாம் துரு. வெயிலிலும் மழையிலும் நிற்கிற வாசல் கேட் இவ்வளவு மோசமாகவில்லை. ஏன்? அடுத்து எதை வாங்குவது?
(வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி)

பதில்: மழை படாததுதான் காரணம். கடல் காற்று கொண்டுவருகிற உப்பு கேட்டின் மேலும் படிகிறது, உங்கள் பெஞ்சின் மேலும் படிகிறது. கேட்டில் படிந்ததை ஒவ்வொரு மழையும் கழுவிவிடுகிறது. போர்ட்டிகோவுக்குள் இருக்கும் பெஞ்சின் அடிப்பக்கத்தில் படிந்தது படிந்தபடியே இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையலறை ஜாடியில் உப்பு கசிய ஆரம்பிக்குமே, அதேதான் பெஞ்சின் அடியிலும் நடக்கிறது. நம் கடலோரத்தில் இரவு ஈரப்பதம் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேல் இருப்பதால், சொட்டு மழை இல்லாத மாதத்திலும் அந்த இரும்பு ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் நனைந்துதான் கிடக்கிறது.

பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். வெல்டிங் மூலைகளில் பூச்சு மெலிந்து சொரசொரவென்று இருக்கும். ஒரு சின்னக் கீறலைச் சுற்றிக் கொப்புளம் போல உப்பியிருக்கும், நகத்தால் நெம்பினால் பூச்சு தோல் தோலாக உரிந்து வரும், அடியில் ஆரஞ்சு நிறத் தூள் தெரியும். மேலே பூச்சு பளபளவென்று இருக்க, துரு அதற்கு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். கால் பைப்பின் முனையில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் பழுப்புத் தண்ணீர் கொட்டும். அந்தப் பைப் வெளியிலிருந்து மட்டுமல்ல, உள்ளிருந்தும் அரிபட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் மேலே இன்னொரு கோட் பெயின்ட் அடிப்பதால் ஒன்றும் ஆகாது. பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்து, அப்புறம் பெயின்ட் அடித்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

அடுத்து வாங்குவதற்கு உங்கள் தெருவில் என் முதல் தேர்வு அலுமினியம். அதற்கு இரும்புத் துரு கிடையாது, உப்பு பட்டால் அங்கங்கே வெள்ளையாகப் புள்ளி விழும், அவ்வளவுதான். ஆனால் அதை இணைக்கிற போல்ட்டைப் பாருங்கள். அலுமினியத்தில் நேரடியாக ஸ்டீல் போல்ட் முறுக்கினால், நடுவில் உப்புத் தண்ணீர் சேரும்போது இரண்டுக்கும் இடையே மின்வேதி வினை நடந்து, அலுமினியம் அந்த ஓட்டையைச் சுற்றி மாவாக உதிரும். நடுவில் நைலான் வாஷர் இருந்தால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இரும்புதான் வேண்டும், உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளப் போகிறோம் என்றால் முழு வேலையும் முடிந்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். ஜி.ஐ. பைப் (ஏற்கெனவே துத்தநாகம் பூசி விற்கிற பைப்) வாங்கி வெட்டி வெல்டிங் செய்வது அதற்கு ஈடாகாது, ஏனென்றால் வெல்டிங் சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்துபோகிறது, துரு பிடிப்பதும் சரியாக அங்கேதான். முக்குவதற்கு முன் மூடிய பைப் எல்லாவற்றிலும் ஓட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து பைப்பே வெடிக்கலாம், இதைப் பட்டறைக்காரரிடம் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். கடையில் காந்தத்தை வைத்துக் காட்டி, “ஒட்டவில்லை பாருங்கள், அசல் சரக்கு” என்பார்கள். காந்தம் இதில் எதையும் நிரூபிக்காது. கடையில் கிடைக்கிற 202, 304, 316 என்கிற மூன்று தரங்களிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, கடலோரத்தில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடலிலிருந்து தள்ளியிருக்கிற வீட்டுக்குப் போதும், கடலைப் பார்த்த வீட்டில் இதுவும் டீக்கறை போலப் பழுப்பேறும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், உப்பை எதிர்த்து நிற்பது அதுதான். பில்லில் 316 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். போல்ட் வாங்கும்போது அதன் தலையைத் திருப்பிப் பாருங்கள், ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை.

எதை வாங்கினாலும் மழை இல்லாத மாதங்களில் வாரம் ஒருமுறை அடிப்பக்கம் உட்பட நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிற வீடாக இருந்தால் அதில் கழுவ வேண்டாம்.

கேள்வி: ஃபெஞ்சல் புயலில் எங்கள் தோப்பில் ஒரு பெரிய பலா மரம் சாய்ந்தது. அறுத்துப் பலகையாக அடுக்கி வைத்திருக்கிறோம். தோட்டத்தில் போட ஒரு நீள பெஞ்சு செய்ய ஆசை. வெளியில் தேக்கு மட்டும்தான் தாங்கும் என்கிறார் ஆசாரி. உண்மையா?
(வாசகர், பண்ருட்டி)

பதில்: தாராளமாகச் செய்யலாம். தேக்கு முதல் தரம் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வைரம் (மரத்தின் நடுவில் முற்றி இறுகிய பகுதி) பாயாத இளந்தேக்கில் செய்த பெஞ்சைவிட உங்கள் முதிர்ந்த பலா நன்றாகவே நிற்கும். மரத்தின் பெயரைவிட முக்கியம், பலகையில் வைரம் எவ்வளவு, வெளிறிய வெள்ளைப் பகுதி எவ்வளவு என்பதுதான். தேக்கிலேயே அந்த வெள்ளைப் பகுதியைக் கரையான் தின்றுவிடும். பலாவில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: வைரம் நல்ல மஞ்சள், ஓரம் வெளிறியிருக்கும். அந்த ஓரத்தை இரக்கமில்லாமல் அறுத்துத் தள்ளச் சொல்லுங்கள். தஞ்சாவூர் வீணை செய்கிற மரம் இது. கரையானையும் ஓரளவு நன்றாகவே எதிர்க்கும். அந்த மஞ்சள் மட்டும் வெயில் பட்டுப் பழுப்பாகிவிடும், அதைத் தடுக்க முடியாது.

முதலில் காய்ந்ததா என்று பாருங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், பலகைகளுக்கு நடுவே ஒரே கனத்தில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்கினால், ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு அங்குலப் பலகையாக அறுத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டியிருக்கும். பலகையின் இரண்டு முனைகளிலும் பெயின்டோ மெழுகோ பூசிவிட்டால் முனை வெடிப்பது குறையும்.

இனி வடிவம். உட்காரும் பகுதிக்கு ஒரே அகலப் பலகை அழகாக இருக்கும் என்று ஆசாரி சொல்லக்கூடும், ஒத்துக்கொள்ள வேண்டாம். அகலப் பலகை மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும், கடைசியில் குழிந்து நடுவில் தண்ணீர் நிற்கும். மூன்று நான்கு அங்குல அகலச் சட்டங்களாக அறுத்து, நடுவில் கால் அங்குலம் இடைவெளி விட்டுப் போடுங்கள். பின்பக்கம் அரை அங்குலமாவது தாழ்வாக இருக்கட்டும், உட்காரவும் சுகம், தண்ணீரும் வடியும். சட்டங்களின் மேல் விளிம்பைக் கொஞ்சம் உருட்டிவிட்டால் நீர்த்துளி அங்கே தங்காது, பூச்சும் சீக்கிரம் உரியாது.

மரம் அழுகுவது நடுவில் அல்ல, முனையில். வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிய அதே நுண்குழாய்கள் மரத்தை வெட்டிய பிறகும் முனை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அதனால்தான் எந்த மர பெஞ்சானாலும் முதலில் காலின் அடி போகிறது. மண்ணில் நேரடியாக நிற்கவே கூடாது. ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கல் துண்டு, கல்லுக்கும் காலுக்கும் நடுவில் அரை அங்குல ரப்பர் அல்லது ஸ்டீல் குமிழ். காலின் அடிமுனையில் எபாக்சி பிசினை இரண்டு மூன்று தடவை, உறிஞ்சுகிற வரை ஊட்டிவிடுங்கள்.

பண்ருட்டியில் இருக்கும் உங்களுக்கு இன்னொரு வசதி உண்டு, முந்திரி ஓட்டு எண்ணெய். மரப் படகுகளுக்கு அந்தக் காலத்திலிருந்து பூசிவருகிற பொருள், கரையானும் பூஞ்சையும் கிட்டே வராது. காலின் அடிப்பகுதிக்கும் சட்டங்களின் அடிப்பக்கத்துக்கும் பூசலாம். உட்காரும் பக்கம் மட்டும் வேண்டாம், அது தோலைப் புண்ணாக்கும், பூசும்போதும் கையுறை போடாமல் தொடவே கூடாது. கருநிறமாகிவிடும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

சாதாரண இரும்பு ஆணி அடிக்க வேண்டாம். மரத்தில் இருக்கிற டானின் என்கிற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை படியும், ஆணி உப்பி மரத்தைப் பிளக்கும். செய்யும் கூலியோடு பார்த்தால் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிக்கு ஆகிற செலவு சொற்பம். இந்த ஒரு விஷயத்தில் மிச்சம் பிடித்துத்தான் எத்தனையோ நல்ல மரம் வீணாகிறது, மனசு கேட்கவில்லை, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

வேறு மரம் வைத்திருப்பவர்களும் கேட்டிருந்தீர்கள். பூவரசும் புன்னையும் கடற்கரைக்கென்றே பிறந்த மரங்கள், படகுக்குப் பயன்பட்டவை, முற்றிய மரம் கிடைத்தால் விடாதீர்கள். வேம்பு பூச்சியைத் தாங்கும், ஆனால் கோணிக்கொள்ளும், எனவே சிறு சட்டங்களாக மட்டும். மாமரம் வெளியில் வேண்டாம். சவுக்கு பந்தல் காலுக்குச் சரி, மண்ணில் நட்டால் சீக்கிரமே அடி போய்விடும். முற்றிய பனையின் வெளிவயிரம் இரும்பு மாதிரி, ஆனால் பெஞ்சுக்காகப் பனையை வெட்ட நினைக்காதீர்கள். மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனை வெட்டக் கூடாது என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது. தானாக விழுந்தது கிடைத்தால் பாருங்கள்.

கேள்வி: கறுப்பு கிரானைட்டில் பெஞ்சு போடலாமா?
(வாசகர், வில்லியனூர்)

பதில்: நாள் முழுக்க நிழல் இருக்கிற இடம் என்றால் போடலாம். வெயில் படுகிற இடம் என்றால் சித்திரை மாதம் மாலை ஆறு மணிக்கும் அதில் உட்கார முடியாது. வெளிர் சாம்பல் நிறக் கல்லை, பாலிஷ் போடாமல், கொத்தின சொரசொரப்போடு வாங்குங்கள், மழையில் வழுக்காது, சூடும் குறைவு. உங்களுக்குத் திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகள் தூரமில்லை. சமையலறை மேடைக்குப் போடுகிற முக்கால் அங்குலப் பலகை பெஞ்சுக்குப் போதாது. கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது, இரண்டு பேர் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தால் விரிசல் விடும். மூன்று நான்கு அங்குலக் கனம் வேண்டும். தாங்குகால்களை இரண்டு கோடியில் வைக்காமல், நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே தள்ளி வையுங்கள், கல் நடுவில் வளைவது வெகுவாகக் குறையும். கடப்பா கல் மலிவு, ஆனால் அது சுண்ணாம்புக்கல் இனம், எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் வெளுக்கும்.

கேள்வி: பழைய வீடு ஒன்றை இடித்தபோது பர்மா தேக்கு உத்திரம் வாங்கி மேசையும் பெஞ்சும் செய்தோம். ஒரே வருடத்தில் நிறம் போய்ச் சாம்பலாகிவிட்டது. வார்னிஷ் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கட்டுமா?
(வாசகி, ரெட்டியார்பாளையம்)

பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள். மரம் கெடவில்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் மர நாரைப் பிணைத்து வைத்திருக்கிற லிக்னினைச் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மிஞ்சிய நார் வெள்ளிச் சாம்பலாகத் தெரிகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் நடக்கிற சமாச்சாரம். உப்புத்தாளால் ஓர் இடத்தில் தேய்த்துப் பாருங்கள், உள்ளே அதே பொன் நிறம் இருக்கும். பர்மா தேக்கின் எண்ணெய்ச் சத்து பூச்சு இல்லாமலே அதைக் காப்பாற்றிக்கொள்ளும்.

வார்னிஷ் வீட்டுக்குள் அழகு. வெளியில் அது வெயிலில் விறைத்து, மரம் உப்பிச் சுருங்கும்போது கூடவே வளைய முடியாமல் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக இறங்குகிற தண்ணீர் மறுபடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும், அங்கே கறுக்கும். அப்புறம் உரிந்த பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் அடுத்த பூச்சு ஒட்டும். வருடா வருடம் யார் செய்வது?

நிறம் வேண்டும் என்றால் வெளிப்புற மரத்துக்கென்று விற்கிற, புற ஊதாத் தடுப்பு சேர்ந்த எண்ணெயை வருடம் ஒருமுறை, பங்குனி வாக்கில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது துணியால் தேய்த்துவிடுங்கள். அது நிறத்துக்குத்தான், ஆயுளுக்கு அல்ல. வெறும் ஆளிவிதை எண்ணெய் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சைக்குச் சாப்பாடு, கறுப்புப் புள்ளி புள்ளியாக வரும். பாசி படிந்தால் தேங்காய் நார் கொண்டு மரத்தின் ரேகைப் போக்கிலேயே தேய்த்துக் கழுவுங்கள், இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டுப் பழைய உத்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ரம்பத்தில் வைப்பதற்கு முன் காந்தத்தை மரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கிற பழைய ஆணி ரம்பத்தையும் கெடுக்கும், ஆளையும் காயப்படுத்தும்.

கேள்வி: மூங்கில் சோபா செட் தோட்டத்தில் எத்தனை வருடம் வரும்?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: மழையில் நனைய விட்டால் இரண்டு மூன்று வருடம் வந்தாலே பெரிது. மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்குத் துளைவண்டு வரும். அதற்குப் போரக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து விற்கிறார்கள், நல்ல முறைதான். ஆனால் அந்த உப்பு தண்ணீரில் கரைவது, மழை பட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். மூங்கிலைத் தாழ்வாரத்தில் போடுங்கள்.

கேள்வி: பிரம்பு போலப் பின்னிய சோபா, “வெயில் மழை எதுவும் ஒன்றும் செய்யாது” என்கிறார்கள். நம்பலாமா?
(வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: பின்னலையும் சட்டத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். பாலிஎத்திலீன் பின்னல் என்றால் நல்லது, பி.வி.சி. என்றால் வெயிலில் விறைத்துப் பொடியும். கையால் ஒரு பட்டையை மடக்கிப் பாருங்கள், மடித்த இடம் வெளுத்துப்போய் அப்படியே நின்றால் வேண்டாம். அதைவிட முக்கியம் உள்ளே இருக்கிற சட்டம். இங்கே காந்தம் உதவும்: பின்னலுக்கு மேலாக வைத்துப் பாருங்கள், இழுத்தால் உள்ளே இரும்பு, இழுக்காவிட்டால் பெரும்பாலும் அலுமினியம். இரும்பு என்றால் கடலூரில் வாங்காதீர்கள். துரு உள்ளேயே வளர்ந்து, பின்னல் புதுசு போல இருக்கும்போதே ஒருநாள் கால் மடங்கும். பழுது பார்க்கப் பின்னல் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

என் விருப்பத்தைக் கேட்டால், அலுமினியச் சட்டம் செய்துவாங்கி, ஒயர் நாற்காலி பின்னுகிறவர்களிடம் கொடுத்துப் பின்னிக்கொள்வேன். அறுந்தால் அறுந்த இடத்தை மட்டும் மாற்றலாம், நம் ஊரில் ஒருவருக்கு வேலையும் கிடைக்கும்.

கேள்வி: மரத்தண்டு போலவே சிமென்டில் பெஞ்சு செய்து தருகிறேன் என்கிறார் கொத்தனார். கடற்கரை அரை கிலோமீட்டர். செய்யலாமா?
(வாசகர், பரங்கிப்பேட்டை)

பதில்: செய்யலாம், உள்ளே போடுகிற கம்பியில்தான் எல்லாம் இருக்கிறது. சிமென்ட் தன் காரத்தன்மையால் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. உப்பிலிருக்கும் குளோரைடு உள்ளே இறங்கிவிட்டால் அந்தக் காப்பு உடைகிறது. துருப்பிடித்த இரும்பு முன்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், சிமென்ட் பிளந்து சில்லுச் சில்லாக விழும். கடற்கரைப் பூங்காக்களில் கைப்பிடி உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற பெஞ்சுகள் எல்லாம் இதே கதைதான்.

எனவே கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கிட்டவே வரக்கூடாது. கம்பிக்கு வெளியே எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கான்கிரீட் நிற்க வேண்டும், அதற்கு பெஞ்சு தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிசாக, கிளை கிளையாக வேண்டும் என்றால் இரும்புக்குப் பதில் கண்ணாடியிழைக் கம்பி போடச் சொல்லுங்கள், அது துருப்பிடிக்காது, இப்போது கிடைக்கிறது. செய்து முடித்த பிறகு ஈரச் சாக்கு போட்டுப் பத்து நாளாவது தண்ணீர் காட்டணும். அந்தப் பத்து நாளில் அவசரப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. என்ன அளவில் செய்யச் சொல்வது?
(வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: கடையில் விற்கிற சாய்வு நாற்காலிகள் பல பதினான்கு, பதினைந்து அங்குல உயரம்தான். அதுதான் பிரச்சினை. உட்காரும் உயரம் 18 அங்குலம் வையுங்கள், அம்மா உயரமானவர் என்றால் 19. ஆழம் 16 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அதிகமானால் முதுகு சாயாது, முன்னால் நகர்ந்துதான் எழ வேண்டியிருக்கும். கைப்பிடி உட்காரும் தளத்திலிருந்து 8 அல்லது 9 அங்குலம் மேலே, முன் விளிம்பு வரை நீண்டு, பிடித்து ஊன்றுகிற மாதிரி உருண்டையாக இருக்கட்டும். எழும்போது நாம் பாதத்தைப் பின்னுக்கு இழுத்துத்தான் எழுகிறோம், அதனால் முன்பக்கம் கீழே குறுக்குச் சட்டம் இருக்கக் கூடாது, இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. முதுகு லேசாகச் சாய்ந்தால் போதும். செய்வதற்கு முன் செங்கல்லும் பலகையும் அடுக்கி அம்மாவை உட்காரவைத்துப் பாருங்கள், அவர் எந்த உயரத்தில் சிரமமில்லாமல் எழுகிறாரோ அதுதான் அளவு, நான் சொன்ன எண்ணெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கேள்வி: தோட்டத்தில் ஊஞ்சல். சங்கிலிக்கு வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறோம், போதுமா?
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: போதாது. பெயின்ட் நிற்காத ஒரே இடம் கொக்கியும் வளையமும் உரசுகிற இடம், தேய்மானமும் துருவும் சேர்ந்து நடப்பது அங்கேதான். சங்கிலியைத் தூக்கிப் பிடித்து அந்த வளையத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். முதல் கனத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் உந்தி ஆடும்போது சங்கிலியில் விழுகிற இழுப்பு அவர்கள் எடை மட்டுமல்ல. நேர் கீழே தொங்குகிற நிலையிலிருந்து 60 டிகிரி உயரம் போய் இறங்கினால், கீழே வரும்போது எடையைப் போல இரண்டு மடங்கு. நான்கு பிள்ளைகள் ஏறினால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். மேல்கொக்கியை மட்டுமாவது 316 ஸ்டீலில், பேரிங் வைத்ததாக மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: வெளியில் போடுகிற மெத்தைக்கு எந்தத் துணி?
(வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: ரெக்சின் வேண்டாம், தையல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, நாறும். சாயம் நூலிலேயே ஏறிய அக்ரிலிக் துணி நல்லது, விலை அதிகம். நானாக இருந்தால் மெத்தையே போடாமல், உட்காரும்போது ஒரு கோரைப்பாயை மடித்துப் போட்டுக்கொள்வேன்.

கேள்வி: புயல் என்றால் தோட்டத்துச் சாமான்களை என்ன செய்வது? எல்லாவற்றையும் உள்ளே வைக்க இடமில்லை.
(வாசகர், தேங்காய்த்திட்டு)

பதில்: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் அளவுக்கு அடித்தது. அந்தக் காற்றில் பிளாஸ்டிக் நாற்காலி ஜன்னலை உடைக்கிற பொருளாகிவிடும். முதலில் உள்ளே போக வேண்டியவை பிளாஸ்டிக், அலுமினிய நாற்காலிகள், குடை, கண்ணாடி மேசைப் பலகை. இடம் போதாவிட்டால் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, கயிற்றால் இறுகக் கட்டி, தூணோடு சேர்த்துக் கட்டுங்கள். மரத்தோடு வேண்டாம், மரமே சாயலாம். மேசையைக் கவிழ்த்துப் போடுங்கள். இடைவெளி விட்டுச் சட்டம் போட்ட மேசையில் காற்று புகுந்து போகும், முழுப் பலகை மேசையைத்தான் தூக்கும். கனமான மர பெஞ்சைக் கல்லில் போல்ட் போட்டு இறுக்கி வைப்பது நல்லது.

2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது காற்றைவிடத் தண்ணீர்தான் கெடுத்தது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தண்ணீர் வடிந்த பிறகு பைப் கால்களுக்குள் சேறு மாட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பைப் நாற்காலியானாலும் காலின் ஆகக் கீழான இடத்தில் பென்சில் நுழைகிற அளவு ஓர் ஓட்டை போட்டு வையுங்கள், உள்ளே போனது வெளியே வந்துவிடும்.

கேள்வி: பெஞ்சைத் தோட்டத்தில் எங்கே போடுவது? தென்னை, மா, வேம்பு மூன்றும் இருக்கின்றன.
(வாசகி, அரியாங்குப்பம்)

பதில்: வேம்படியில். மாமரத்தில் பூக்கிற காலத்தில் தத்துப்பூச்சி சுரக்கிற பிசுக்கு கீழே சொட்டும், அதில் கறுப்புப் பூஞ்சை வளர்ந்து பெஞ்சு ஒட்டும். தென்னைக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள், மட்டையும் காயும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. வேம்புக்கு நேர் கீழே அல்லாமல் கிழக்கே கொஞ்சம் தள்ளி, முதுகு மரத்தைப் பார்க்க, முகம் தென்கிழக்கே இருக்கும்படி வையுங்கள். மதியத்துக்கு மேல் நிழல் அந்தப் பக்கம்தான் விழும், கடல் காற்றும் அந்தத் திசையிலிருந்துதான் வரும். வேருக்கு மேல் கல் பாவ வேண்டாம், கால் படுகிற நான்கு இடத்தில் மட்டும் கல் போடுங்கள்.